திரும்பி வருகிறவருக்கு ஒரு கிளை

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவை பஜாரில் வாடகைக் கார் ஓட்டிய வீரய்யாவுக்கு எந்த வளைவைக் கண்டும் பயமில்லை. வாயைத் திறக்கத்தான் பயம். பெண்டாட்டி ராக்காயியிடம்கூட எதையும் கேட்கமாட்டான். இல்லை என்று சொல்லிவிட்டால்?

ஐம்பத்தாறாம் வருஷம் ராக்காயியின் அண்ணன் நல்லமுத்து, தாய் பேச்சியம்மாளோடு திருச்சிப் பக்கம் போய்விடத் தீர்மானித்தான். தங்கச்சிக்கும் சேர்த்தே கப்பலுக்கு ஏற்பாடு செய்துவிட்டான். வீரய்யாவுக்கு அவர்களைத் துறைவரை காரில் கொண்டுபோய் விடுகிற வேலை மட்டும். கடலைத் தாண்டியவர்கள் திரும்புவது அந்நாளில் லேசில்லை. போவதா, இருப்பதா என்று ராக்காயி சொல்லவில்லை. இந்த மகராசனும் கேட்கவில்லை.

கார் முதலாளி அலியார்தான் சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்: "ராக்காயிய இருக்கச் சொல்லுப்பா. அவுங்கள அனுப்பிட்டு இவளக் கூட்டிக்கிட்டே வா."

விடியற்காலைப் பனியில் புறப்பட்டார்கள். தேயிலை மலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கினிகத்தேனை இறக்கத்தில் பேச்சியம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். மாத்தளை தாண்டியதும் கம்பளியைக் கழற்றினார்கள். மதவாச்சிக்கு அப்பால் முள்ளுக்காடும் புழுதியுமாக ரோடு நீண்டது.

காட்டுக்குள் ஒரு மரத்தடியில் பிள்ளையார். அந்த வழியில் போகிறவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர ஆளுக்கொரு பச்சைக் கிளை ஒடித்து மரத்தில் தொங்கவிட வேண்டும். திரும்பி வருகிறவர்களுக்கும் அப்போதே சேர்த்துத் தொங்கவிடுவது ராக்காயி வீட்டு வழக்கம். ராக்காயி போகிற நாலு பேருக்கும் நாலு கிளை தொங்கவிட்டாள். பிறகு இன்னும் இரண்டை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு வீரய்யாவையே பார்த்தாள். அவனோ காருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். பார்த்தான், நன்றாகத்தான் பார்த்தான். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

அவள் ஒன்றைத் தொங்கவிட்டாள். மற்றதைக் கீழே போட்டாள்.

மன்னாரில் கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை மணல், பனைமரம், கழுதைகள். "ஆத்தாடி, ஒரு மேடுகூட இல்லையே" என்று பேச்சியம்மாள் அதிசயப்பட்டாள். சிரிக்க யாருக்கும் மனமில்லை.

தலைமன்னார் துறையில் சாமான் ஏறியது. ராக்காயி அவன் முன்னால் வந்து நின்றாள்.

"ஏதாச்சும் சொல்லணுமா?"

"தண்ணிப் போத்தல மறந்துறாத" என்றான்.

"மரத்துக்கிட்ட அவ்வளவு நேரம் நின்னேனே. இருந்துடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டையும் தொங்கவிட்டிருப்பேங்க."

அவன் வாயைத் திறப்பதற்குள் நல்லமுத்து அவளைக் கூப்பிட்டுவிட்டான்.

திரும்புகிற வழியில் வீரய்யா அந்த மரத்தடியில் காரை நிறுத்தினான். அவன் பத்திரமாக ஊர் போய்ச் சேர அவள் தொங்கவிட்ட கிளை இன்னும் வாடவில்லை. கீழே கிடந்ததை எடுத்துப் பக்கத்திலேயே தொங்கவிட்டான். "இருந்துடு ராக்காயி" என்றான். காட்டில் அதைக் கேட்க யாருமில்லை.