விடுகைப் பத்திரம்

யசீகரனை ஒரு நாற்காலியில் ஐந்து நிமிஷம் உட்கார வைக்க யாராலும் முடியாது. கடல் கடந்து வந்து மவுண்ட் ஆல்பர்ட்டில் குடியேறிய என் பக்கத்து வீட்டுக்காரர், லிஃப்ட் பழுது பார்க்கிறவர். டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார். ஒரே ஒரு விஷயத்தில்தான் அசையமாட்டார்: மகள் லக்ஷிகாவின் பள்ளிக்கூடம்.

அதன் வரலாற்றைக் கேட்காமலே ஒப்பிப்பார். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பாதிரியார் தொடங்கியது. முதலில் பையன்களுக்கு மட்டும், பிறகு பெண் பிள்ளைகள், பிறகு சின்ன வகுப்புகள். இப்போது ஐந்து வயதில் நுழையும் பிள்ளை பதினெட்டில்தான் வெளியே வரும். கேம்பிரிட்ஜ் பரீட்சை உண்டு, லத்தீன் உண்டு, விஞ்ஞானம் மூன்றும் தனித்தனியாக உண்டு. ஆனால் அவரை மயக்கியது இவை எதுவுமில்லை. நடுவில் பள்ளி மாற வேண்டாம், அவ்வளவுதான்.

வன்னியில் ஷெல்லடிக்குத் தப்பி ஊர் ஊராக ஓடியவர் அவர். ஓடிய ஊரிலெல்லாம் வேறு பள்ளிக்கூடம். பள்ளி மாறும்போது எங்கள் ஊர்ப் பக்கம் கேட்கிற டிசியை அவர்கள் ஊரில் விடுகைப் பத்திரம் என்கிறார்கள். அது இல்லையென்று ஓர் அதிபர், எங்கள் பேச்சில் தலைமை ஆசிரியர், அவரை மூன்று மாதத் தவணை முழுக்க வராந்தாவிலேயே உட்கார வைத்தாராம். அந்த அதிபரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்படிப்பட்டவரிடம்தான் லக்ஷிகா போன மாதம் குண்டைத் தூக்கிப் போட்டாள். பதினோராம் வகுப்போடு இந்தப் பள்ளி போதும், தோட்டங்கள் நிறைந்த புக்கெகோஹி ஊரில் சித்தி வீட்டில் தங்கித் தோட்டக்கலை படிக்கப் போகிறாளாம். இத்தனை பெரிய பள்ளியில் அந்தப் பாடம் கிடையாது. அம்மா உஷா சம்மதித்தும்விட்டாள்.

யசீகரன் சத்தம் போடவில்லை. நேராகப் பள்ளி அலுவலகத்துக்குப் போனார். வேறு வேலையில்லாமல் நானும் போனேன். மகளுக்கு விடுகைப் பத்திரம் கொடுக்கக் கூடாது என்று மிடுக்காக ஆங்கிலத்தில் சொன்னார். அலுவலகப் பெண் விழித்தாள். அப்படியொன்று இங்கே கிடையாது, புதுப் பள்ளி கேட்டால் விவரங்களை அனுப்பிவிடுவோம் என்றாள். எனக்குச் சிரிப்பு முட்டியது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனது.

வீட்டுக்கு வந்தும் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். மகள் சோபாவில் இருந்தாள்.

"நடுவில விட்டிட்டுப் போனா படிப்புக் குழம்பிப் போகும், பிள்ளை. உனக்குத் தெரியாது. நான் பட்டனான்."

எதற்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிற பெண், அன்று தமிழைத் தேடித் தேடிப் பேசினாள்.

"அப்பா, உங்களைக் கலைச்சவங்கள். என்னை ஒருத்தரும் கலைக்கேல்ல. நானாத்தான் போறன்."

யசீகரன் அப்படியே நின்றுவிட்டார். யாரும் துரத்தாமலும் ஒரு பள்ளியை விட்டுப் போகலாம் என்பதை அவர் வாழ்க்கையில் கண்டதேயில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஓம், போ," என்றார் கடைசியில். "ஆனா முதல் நாள் நான்தான் கூட்டிக்கொண்டு போவன். என்னை ஒரு புதுப் பள்ளிக்கூடத்துக்கும் ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போகேல்ல."