சைமா கண்ட சின்ன மேடு

சைமா என் சித்தப்பா மகள். வாணியம்பாடியில் குடும்பமே தோல் வியாபாரம் பார்க்க, இவள் மட்டும் ஜப்பானுக்குப் போய் அணுவைப் பார்க்கிறாள். அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று கேட்டால் போதும், கண் எங்கோ போய்விடும். பாதித் தூக்கத்தில் பேசுகிறவள் மாதிரி சொல்வாள்.

அணுவில் எலக்ட்ரான் இருக்கவேண்டிய இடத்தில் மியூவான் என்கிற கனத்த துகளைக் குடியேற்றுகிறார்களாம். கண் இமைப்பதற்குள் அது அழிந்துவிடும். அதற்குள் நடுக்கருவை நோக்கிப் படிப்படியாக இறங்கும். இறங்க இறங்க எக்ஸ்ரேயை உதறும். அதைப் பிடிக்கத்தான் மீக்கடத்தித் தகடுகள். கடுங்குளிரில் மின்சாரத்துக்குத் தடையே காட்டாதவை. அந்த நிலையின் விளிம்பிலேயே நிறுத்தி வைத்தால், ஒற்றை எக்ஸ்ரே பட்ட சூட்டுக்கே தடை எகிறும். எகிறிய அளவிலிருந்து எக்ஸ்ரேயின் ஆற்றலைச் சொல்லிவிடலாம். எனக்குத் தலை சுற்றியது. ஆனாலும் கேட்க அவ்வளவு அழகாக இருந்தது.

இந்த ரம்ஜானுக்கு வந்தவள் தரையில் கால் பாவாமல் நடந்தாள். கணக்குப்படி எதுவும் இருக்கக்கூடாத இடத்தில், எக்ஸ்ரேக்களை எண்ணி வரைந்த அவள் வரைபடத்தில் ஒரு சின்ன மேடு. உண்மையென்றால், உலகம் அறியாத ஒன்றை முதலில் கண்டவள் அவள். அறிவிக்கலாமா என்று பிறை பார்க்கும் நாள் இரவுக்குள் அவள் சொல்லவேண்டும். ஜப்பானில் குழுவே காத்திருந்தது.

அன்று இருபத்தொன்பதாம் நோன்பு. மாலையில் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. பிறை பார்க்கச் சித்தப்பா குடும்பத்தோடு ஆலங்காயம் வழியாகக் காவலூர் மலைப்பாதையில் ஏறினோம். ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி, பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்தோம். எதிரே ஏலகிரி மங்கலாக மிதந்தது. மேலே வானம் ரோஜா நிறத்தில் கரைந்துகொண்டிருந்தது.

"அத்தா, அதோ! தெரியுது!" சைமா தன் அப்பாவுக்கு விரலை நீட்டிக் காட்டினாள்.

எனக்குத் தெரியவில்லை. அவள் தம்பி முதஸ்ஸிருக்கும் தெரியவில்லை.

சித்தப்பா போனைக் கையில் எடுத்தார். "சத்தியமா பாத்தேன்னு ஜமாஅத்துல சொல்லுவியாம்மா? ஊரே நாளைக்கு நோன்ப வுட்டுடும்."

சைமா விரலை இறக்கினாள். மறுபடி வானத்தைத் துழாவினாள். "இல்ல அத்தா. நாளைக்கே பெருநாள் வரணும்னு இருந்தேன். அந்த ஆசையில அப்டித் தெரிஞ்சிருக்கும்."

பிறகு சாலையோரக் கட்டைச் சுவரில் போய் உட்கார்ந்தாள். முகமே சரியில்லை.

"இன்னா சைமா?" என்றேன்.

"அந்த மேடு ஒரு மூலைத் தகடுங்கள்ல மட்டும்தான் வருதுண்ணா. மத்ததெல்லாம் சரியா வேல செய்யலன்னு நான்தான் ஒதுக்கி வெச்சேன்."

"நெஜமாவே வேல செய்யலையா?"

"தெரியல. மேடு வரலன்னுதான் ஒதுக்கினேன்."

அங்கேயே ஜப்பானுக்குப் போன் போட்டாள். அறிவிக்க வேண்டாம், எல்லாத் தகடுகளையும் சேர்த்து முதலிலிருந்து பார்க்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். வைத்ததும் உடைந்து அழுதாள். மூன்று வருஷ உழைப்பு. எனக்கு அந்த வானத்தின்மேல்கூடக் கோபம் வந்தது.

சித்தப்பா பள்ளிவாசலுக்குப் பேசிக்கொண்டிருந்தார். "இங்க பிறை தெரியலீங்க."

சைமா துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அத்தா, விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாட்டுக்கு என்னையும் எழுப்பி வுடுங்க."