நிர்மலா பெஞ்சு

உயிரோடுதான் இருக்கிறோம் என்று ஆண்டுக்கொரு முறை நிரூபிக்க வேண்டிய தலையெழுத்து பென்ஷன்காரர்களுக்கு மட்டும்தான் உண்டு. குற்றாலத்தை ஒட்டிய மேலகரத்தில் அந்தக் காரியம் நிர்மலாதேவியின் இ-சேவை மையத்தில் நடக்கும். நவம்பர் பிறந்துவிட்டால் வாசல் பெஞ்சில் இடம் கிடைக்காது. ஒரு காலத்தில் ஊரையே காக்கவைத்த தாசில்தாரும் பேங்க் மேனேஜரும் இன்ஸ்பெக்டரும் அங்கே வரிசையில் காத்துக் கிடப்பார்கள். வயதான விரலில் ரேகை தேய்ந்திருக்கும், மெஷின் லேசில் ஒத்துக்கொள்ளாது. நிர்மலா ஈரத்துணியால் விரலைத் துடைத்து மறுபடியும் வைக்கச் சொல்வாள். மெஷின் மனம் இரங்கும்வரை பேச்சுதான்.

அந்தப் பேச்சில்தான் அவளுக்குப் பிடி கிடைத்தது. மையம் தொடங்கிய புதிதில் எந்தச் சான்றிதழுக்கு எதைக் கேட்பார்கள் என்றே அவளுக்குத் தெரியாது. வந்தவர்களைத் திருப்பி அனுப்பி, அவர்கள் முகம் சுளித்துப் போவதைப் பார்த்து, கடையை மூடிவிடலாமா என்று இருந்தாள். தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற ஜெபஸ்டின் கைரேகை வைக்க வந்தவர், அவள் திண்டாடுவதைப் பார்த்துவிட்டு மறுநாளும் வந்தார். மாதக்கணக்கில் வந்தார். வாரிசுச் சான்று, வருமானச் சான்று என்று ஒவ்வொன்றின் நெளிவு சுளிவையும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். ஒரு டீக்கு மேல் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. இன்றைக்கு அவர் இல்லை. ஆனால் அவர் பேரைச் சொல்லும்போது நிர்மலா தன்னை அறியாமல் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவாள்.

அவருக்குத் திருப்பிச் செய்ய முடியாத நன்றியை அவள் வேறு பக்கம் திருப்பிவிட்டாள். அதே மையத்துக்குத்தான் ஜிஎஸ்டி எடுக்கவும் உணவு லைசென்ஸ் எடுக்கவும் இளவட்டங்கள் வருவார்கள். தொழில் தொடங்கத் துணிச்சல் இருக்கும், யாரைக் கேட்பதென்று தெரியாது. இந்தப் பக்கம் பெஞ்சு நிறைய, கேட்க ஆளில்லாமல் அனுபவம் உட்கார்ந்திருக்கும். கல்யாணத் தரகர் மாதிரி இரண்டையும் கோத்துவிட ஆரம்பித்தாள். ஒரே ஒரு கட்டளை உண்டு. பெரியவர்தான் சின்னவர் தொழில் நடத்தும் இடத்துக்குப் போக வேண்டும். தம் வீட்டில் உட்கார்ந்தால் அவர்கள் பழையபடி ஆபீசராகி, காபி ஆறும்வரை சொந்தப் பிரதாபம் பேசுவார்கள் என்பது அவள் கண்டறிந்த உண்மை. ஊரார் இதற்கு நிர்மலா பெஞ்சு என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பெஞ்சுக்கே ஒரு சோதனை வந்தது. ஜெயபிரியா கோயம்புத்தூர்ப் பெண். மேலகரத்துப் பாண்டிராஜுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவன் ராணுவத்தில் ராஜஸ்தான் பக்கம் இருக்கிறான். வீட்டின் பின்னறையில் அடுப்பு போட்டு நேந்திரங்காய் சிப்ஸ் வறுத்து, ஐந்தருவிக் கடைகளுக்குக் கொடுத்துவந்தாள். வெயில் காலத்தில் நன்றாகத்தான் போனது. சீசன் தொடங்கிச் சாரல் விழுந்ததும் சரக்கு நமத்துப்போனது. மொத்தமாக எடுக்கும் கடைக்காரர் வீரபாகு பாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பினார். இந்த சீசன் ஓடவில்லை என்றால் அடுப்பை அணைத்துவிட்டுக் கோயம்புத்தூரில் அம்மா வீட்டோடு போய் இருப்பது என்று புருஷனும் பெண்டாட்டியும் போனில் பேசி முடித்திருந்தார்கள். அப்படிப் போக அவளுக்கு மனசே இல்லை. சொந்தக் காலில் நிற்கிற ஓர் இடம் அவளுக்கு முதல்முறையாகக் கிடைத்திருந்தது.

நிர்மலா யோசிக்கவே இல்லை. மந்திரமூர்த்தியை அனுப்பினாள். ஓசூரில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கும் மேனேஜராக இருந்து, ஓய்வுபெற்றுச் சொந்த ஊர் திரும்பியவர். மொறுமொறுப்பு எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிப்பதே அவர் ஆயுள்காலத் தொழில்.

போன வேகத்தில் திரும்பி வந்தார். பின்னாலேயே ஜெயபிரியாவின் போன்.

“அக்கா, அவர் எனக்கு வேண்டாங்க. உள்ளே வந்து நிக்கக்கூட இல்லைங்க, வாடி போடிங்கற மாதிரி ஏட்டிங்கறார். எங்க அப்பாகூட என்னை அப்படிப் பேசினதில்லைங்க.”

நிர்மலாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பெரியவரிடம் பக்குவமாகச் சொன்னாள், அந்தப் பிள்ளை வெளியூர், கொஞ்சம் மரியாதையாகப் பேசுங்கள் என்று. அவர் முகம் சுருங்கிவிட்டது. சரி என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு மந்திரமூர்த்தி வாராவாரம் போனார். வணக்கம் மேடம், சொல்லுங்க மேடம், ரொம்ப நல்லாருக்கு மேடம். ஜெயபிரியாவுக்குப் பரம திருப்தி. இரண்டு பேரும் கலெக்டர் ஆபீஸ் கூட்டம் மாதிரி எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். சிப்ஸ் மட்டும் யார் மரியாதையையும் பார்க்காமல் நமத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் வீரபாகு, இன்னும் ஒரு தடவை சரக்கு அனுப்பு, அதுவும் இப்படி இருந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார்.

இத்தனை நாள் போய்வந்த மனிதர் என்னதான் செய்தார்? நிர்மலாவுக்குக் கோபம் வந்தது. நேரே மந்திரமூர்த்தி வீட்டுக்குப் போனாள். அவர் டிவியை அணைத்துவிட்டு உட்காரச் சொன்னார்.

“அண்ணாச்சி, உங்களுக்கு நெசமாவே குத்தம் தெரியலையா?”

“மொத நாளே தெரிஞ்சிட்டு.”

“பெறகு சொல்லலையா?”

“சொன்னேனே. ‘ஏட்டி, அந்த ஜன்னல மூடு’ன்னேன். அவ ஏட்டியத்தான் கேட்டா, ஜன்னலக் கேக்கல.”

அவர் விளக்கினார். சூட்டோடு பாக்கெட்டில் போடக்கூடாது என்று ஜெயபிரியா எங்கோ வீடியோவில் பார்த்திருக்கிறாள். அது சரிதான். அதனால் வறுத்ததை மலையைப் பார்த்த ஜன்னலோரம் பரப்பி, விடிய விடிய ஆறவிடுகிறாள். வேறு ஊராக இருந்தால் பாதகமில்லை. குற்றாலத்துக் காற்றோ, சீசனில் பாதி தண்ணீர். பாக்கெட்டுக்குள் போகும் முன்பே சிப்ஸ் நனைந்துவிடுகிறது.

“அதை மறுபடியும் சொல்லக்கூடாதா அண்ணாச்சி?”

“எப்படிச் சொல்ல? மேடம்னு கூப்பிட்டுட்டு, நீங்க பண்ணுதது முட்டாத்தனம்னு சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்குதே. நம்ம பிள்ளைன்னா வையலாம். மேடத்தை எப்படி வைய?”

கொஞ்சம் நிறுத்தி, இன்னொன்றும் சொன்னார். ஓய்வுபெற்று வந்ததிலிருந்து வீட்டில் எல்லோரும் தன்னிடம் அப்படித்தான் பேசுகிறார்கள், உட்காருங்க, ரெஸ்ட் எடுங்க என்று, யாரும் எதுவும் கேட்பதில்லை என்று. நிர்மலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மரியாதையாகப் பேசச் சொன்னவள் அவள்தானே.

அங்கிருந்து ஜெயபிரியாவிடம் போனாள். உதவிக்கு வரும் உள்ளூர்க்காரி குருவம்மாள் அடுப்படியில் காய் சீவிக்கொண்டிருந்தாள். நிர்மலா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பிரியா, உங்க ஊர்ல நாய்க்குட்டியக்கூட வாங்கம்பாங்க. எங்க ஊரு அப்படி இல்ல. எங்க அப்பா சாவுத வரைக்கும் என்னை ஏட்டின்னுதான் கூப்பிட்டாரு. என்னைக்காவது வாங்க போங்கன்னா, அன்னைக்குக் கோவத்துல இருக்காருன்னு அர்த்தம்.”

குருவம்மாள் சீவுவதை நிறுத்திவிட்டு ஆமாம் என்று தலையாட்டினாள். ஜெயபிரியா கேட்டாள், அப்படியென்றால் இத்தனை வாரமாக அவர் தன்மேல் கோபமாகவா இருந்தார் என்று. கோபமில்லை, உன்னை வேற்றாளாக வைத்திருந்தார் என்றாள் நிர்மலா.

ஜெயபிரியா தானே அவர் வீட்டுக்கு நடந்தாள். வாசலில் நின்று, “அண்ணாச்சி, திட்டறதுன்னா திட்டுங்க. ஆனா வாங்க” என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள்ளேயே திட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஜன்னல் மூடப்பட்டது. ஆறினதும் உடனே பாக்கெட் என்று ஏற்பாடாயிற்று. ஒட்டின பாக்கெட்டை வாளித் தண்ணீருக்குள் அமுக்கி, குமிழி வந்தால் ஒட்டல் சரியில்லை என்று காட்டினார். ஜெயபிரியாவும் சும்மா இருக்கவில்லை. ஜன்னலை மூடினால் அடுப்புச் சூட்டில் குருவம்மாள் மயங்கி விழுவாள், ஆறவைக்கவும் பாக்கெட் போடவும் வேறு அறை வேண்டும் என்று அவரோடு சண்டை பிடித்தாள். அவர் கம்பெனியில் அப்படிச் செய்ததில்லை என்றார். உங்கள் கம்பெனியில் குருவம்மாள் இல்லை என்றாள். கடைசியில் அவள் சொன்னதுதான் நடந்தது, படுக்கையறையின் பாதி பாக்கெட் போடும் இடமானது. தோற்றுப்போன மந்திரமூர்த்திக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்த்துப் பேசுதாள்லே என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கடைசிச் சரக்கு ஐந்தருவிக்குப் போனது. ஒரு வாரம் விடாத சாரல். நிர்மலாவுக்கு மையத்தில் வேலை ஓடவில்லை. தப்பான ஆளைக் கோத்துவிட்டு ஒரு பெண்ணின் தொழிலைக் கெடுத்துவிட்டோமோ என்று வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். இது முறிந்தால் இனி யாரையும் யாரோடும் சேர்த்துவைப்பதில்லை என்றுகூட நினைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கழிந்த மறுநாள் காலையில் ஜெயபிரியா மையத்துக்குள் வந்தாள். தலை நனைந்திருந்தது. வீரபாகு கடையிலிருந்துதான் நேரே வருவதாகச் சொன்னாள். பெஞ்சில் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஆதார் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அதில் கோயம்புத்தூர் விலாசம்தான் இருந்தது.

“அட்ரஸ் மாத்தணுங்க்கா” என்றாள். “மேலகரம்னு போடுங்க.”

நிர்மலாவுக்குக் கம்ப்யூட்டர் திரை கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, உட்காருட்டி என்றாள். ஜெயபிரியா உட்கார்ந்தாள்.