தும்மலுக்குப் பயந்த நெஞ்சு

கம்பெனி மாடிப்படியில் மூச்சு வாங்கியபோது பஞ்சுத் தூசியைத்தான் குற்றம் சொன்னேன். பனியன் தைக்கிற ஊரில் யாருக்கு இருமல் இல்லை? பிறகு படுத்தாலே மூச்சு முட்டியது. உட்கார்ந்தே தூங்கினேன்.

திருப்பூர் இன்னும் தனி மாவட்டம் ஆகாத காலம். கோயம்புத்தூர் மருத்துவமனையில் எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே உள்ள கதவு) சுருங்கியிருந்தது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் செய்த வேலையாம். வால்வை மாற்ற வேண்டும் என்றார்கள்.

நெஞ்சைத் திறக்க இரண்டு வழிகள். ஸ்டெர்னாட்டமி (நடு நெஞ்செலும்பை நீளவாக்கில் அறுத்துத் திறப்பது) ஒன்று. தொரக்காட்டமி (விலா எலும்புகளின் இடுக்கில் பக்கவாட்டில் திறப்பது) இன்னொன்று. நான் பனியன் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர். எனக்குத் தெரிந்த பாஷையில் கேட்டேன்.

"சைடுல பிரிச்சா தழும்பு தெரியாதுங்களே?"

"உங்களுக்கு நடுவுல திறந்தாத்தாம்மா எனக்குக் கை நல்லா எட்டும்," என்றார் டாக்டர். "முடிச்சதும் எலும்பைக் கம்பி போட்டுக் கட்டிருவோம்."

"கம்பிய எப்பங்க எடுப்பீங்க?"

"எடுக்கறதில்ல. உள்ளயே இருக்கும்."

பயம் அங்கேதான் பிடித்தது. எங்கள் கம்பெனியில் செக்கிங் பெண்கள் ஒவ்வொரு தையலையும் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்த பிறகுதான் பெட்டிக்குள் வைப்பார்கள். என் நெஞ்சை யார் இழுத்துப் பார்ப்பது?

அறுவை நல்லபடியாக முடிந்தது. அதன்பிறகு நான் செய்த கூத்தை நீங்கள் செய்யாதீர்கள். தையல் விட்டுவிடும் என்று இருமலை விழுங்கினேன். மூச்சைக்கூடப் பாதிதான் இழுத்தேன். சளி கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. மூச்சுப் பயிற்சி கொடுக்கும் மதுரைப் பெண் என் கையில் தலையணையைத் திணித்தாள்.

"நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நல்லா இருமுங்கக்கா. எலும்பு பிரிஞ்சிராது. இருமாம இருந்தாத்தான் ஆபத்து."

தும்மினால் குற்றம், இருமினால் குற்றம் என்று சிலர் வீட்டைப் பற்றிச் சொல்வார்கள். இங்கே இருமாதது குற்றம். இருமினேன். உயிர் போகிற வலி. ஆனால் சளி வெளியே வந்தது, காய்ச்சலும் இறங்கியது.

வீட்டுக்கு வந்தும் தலையணையை விடவில்லை. இருமல் சொல்லிக்கொண்டு வரும்; தும்மல் அப்படி இல்லையே. என் கணவர், கம்பெனி வேன் ஓட்டுகிறவர், எனக்காகத் தாளிக்காமலே சமைத்தார். அந்தச் சப்பென்ற சாப்பாட்டை முகம் சுளிக்காமல் அவரும் சாப்பிட்டார். பாவம்.

ஒருநாள் பழக்க தோஷத்தில் காய்ந்த மிளகாயைக் கிள்ளி எண்ணெயில் போட்டுவிட்டார். நெடி ஏறியது. தலையணை கட்டிலில் இருந்தது, நான் வாசலில். தும்மிவிட்டேன்.

கரண்டியோடு ஓடி வந்தார். "ஏம்புள்ள, என்னாச்சு?"

நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். வலித்தது. ஆனால் கட்டு அப்படியே நின்றது. "ஒண்ணும் ஆகலீங்க," என்பதற்குள் இன்னொன்று வந்தது.

"நூறு, இருநூறு," என்றார், குழந்தை தும்மினால் சொல்வதுபோல. சிரித்தார், கண் நிறைந்திருந்தது.

உள்ளே குழம்பு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. அறுவைக்குப் பிறகு முதன்முதலாக முழு மூச்சை இழுத்தேன். கருகிய வாசம் நெஞ்சு நிறைய வந்தது.