லேப் கம்ப்யூட்டர் நின்ற நாள்

கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். உலையில் இரும்பு உருகியதும் அதிலிருந்து சிறு துண்டு வார்த்து என்னிடம் கொண்டுவருவார்கள். அதில் கார்பன் எவ்வளவு, சிலிக்கான் எவ்வளவு என்று என் கருவி சொல்லும். நான் சரி என்ற பிறகுதான் அச்சில் ஊற்றுவார்கள். கருவியை இயக்குவது ஒரு பழைய கம்ப்யூட்டர்.

அது சில நாட்களாக மெதுவாகத்தான் ஓடியது. போட்டதும் திரையில் ஓர் எச்சரிக்கை வரும்: ஹார்ட் டிஸ்க் பழுதாகலாம், உடனே நகல் எடுக்கவும். நான் அதை மூடிவிட்டு வேலையைப் பார்த்தேன். ஒருநாள் இல்லை, ஐந்து நாள்.

ஆறாம் நாள் காலை, துண்டைக் கருவியில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். திரை அப்படியே நின்றுவிட்டது. பெட்டிக்குள்ளிருந்து, நகத்தால் தகரத்தைச் சுண்டுவது போல டக், டக் என்று சத்தம். அணைத்து மறுபடி போட்டேன். அதே சத்தம். பதற்றத்தில் மூன்று முறை அப்படிச் செய்தேன்.

உலை சூப்பர்வைசர் கதவைத் திறந்தார். "இன்னா மேடம், சாம்பிள் குடுத்து இருவது நிமிஷம் ஆவுது. மெட்டல் வெயிட் பண்ணிகினு கீது."

"கம்ப்யூட்டர் போச்சு சார். ரிப்போர்ட் வராது."

கத்துவார் என்று நினைத்தேன். அவர் துண்டை எடுத்துப் பக்கத்துத் தொழிற்சாலை ஆய்வகத்துக்கு பைக்கில் ஆளை அனுப்பிவிட்டு, உலையைப் பார்க்க ஓடினார்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பெண் திருநின்றவூரிலிருந்து ரயில் மாறி வந்து சேர மதியமாகிவிட்டது. பக்கத்து ஆய்வகம் சொன்ன எண்களை வைத்து இரும்பை ஊற்றிவிட்டு சூப்பர்வைசரும் வந்து நின்றார்.

"எத்தினி வாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"மூணு வாட்டி."

"இனிமே தொடாதீங்க. ஒவ்வொரு வாட்டியும் உள்ள இன்னும் கெட்டுப்பூடும். முன்னாடி மெசேஜ் எதனா வந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. "அஞ்சு நாளா வந்துச்சு. நான்தான் மூடிட்டேன்" என்றேன். முகம் சுட்டது. சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார்.

அவள் டிஸ்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் இணைத்தாள். "எது ரொம்ப முக்கியம்? அத்த மொதல்ல எடுத்துடலாம்."

கருவியின் அளவுகளைச் சரிசெய்து வைத்திருந்த காலிபரேஷன் ஃபைல்களைக் காட்டினேன். அவை இல்லாவிட்டால் கருவி காட்டும் எண்ணுக்கு மதிப்பே இல்லை. நகல் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. படிக்க முடியாத இடங்களை முதலில் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து பார்க்க விட்டிருந்தாள். நாலு மணிக்கு அந்த ஃபைல்கள் முழுதாக வந்தன. பழைய ரிப்போர்ட்டுகளை எடுக்கும்போது பாதியில் டக் என்றது. அதற்குப் பிறகு டிஸ்க் எழவே இல்லை. இரண்டு மாத ரிப்போர்ட் போயிற்று.

மறுநாள் புது டிஸ்க் போட்டு, அளவு தெரிந்த மாதிரித் துண்டை வைத்துப் பார்த்தோம். எண்கள் பொருந்தின.

"அந்த மாதிரி மெசேஜ் வந்தா மூடாதீங்க மேடம். எனக்கு ஒரு கொரல் குடுங்க" என்றார் சூப்பர்வைசர். அவ்வளவுதான்.

அழிந்துபோன ரிப்போர்ட்டுகளின் அச்சுப் பிரதிகள் அலமாரியில் இருந்தன. எல்லாவற்றையும் திரும்ப டைப் செய்தேன். டீ நேரத்தில் அவரே வந்து உட்கார்ந்து எண்களை வாசித்துக் கொடுத்தார். வேகமாக வாசிப்பார். "மெதுவா சார்" என்றால் சிரிப்பார். பன்னிரண்டு நாளில் முடித்தோம்.