அக்குளில் வைத்த சோதனைக் குழாய்

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தற்காலிக விஞ்ஞான டீச்சர். ஆய்வுக்கு வரும் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா என் வகுப்பைப் பார்த்து நல்லதாக நாலு வரி எழுதினால்தான் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

எச்சிலிலுள்ள நொதி கஞ்சியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். நொதி கூடக்கூட வேகமும் கூடும். அந்த அம்மா வந்த அன்று அதைத்தான் காட்டப் போனேன். மூன்று குழாய்களில் ஒரே அளவு கஞ்சித் தண்ணீர். அயோடின் விட்டதும் மூன்றும் நீலம். அவற்றில் ஒரே பெண்ணின் எச்சிலை இரண்டு, ஐந்து, பத்துச் சொட்டுகளாக விட்டு, குறைந்ததைத் தண்ணீரால் சமன் செய்தேன். நீலம் எதில் முதலில் மறைகிறதோ அதில்தான் வேகம் அதிகம். நொதிக்கு உடம்புச் சூடு வேண்டும். அடுப்புக்கோ மண்ணெண்ணெய் இல்லை. மூன்று பெண்களின் அக்குளில் ஆளுக்கொன்றாகச் செருகிவிட்டேன். வகுப்பே சிரித்தது.

கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால், ஐந்து சொட்டு வெளுத்துவிட்டது. பத்துச் சொட்டு இன்னும் அடர்நீலம்! போச்சு, வேலை போச்சு!

"ஏட்டி, ஒழுங்காத்தான வச்சிருந்தே?" என்று அதை வைத்திருந்த பெண்ணின் கையைப் பிடித்தேன். ஐஸ்! தலைமுடி சொட்டுகிறது.

"சீசன் ஆரம்பிச்சிட்டுல்லா டீச்சர். குத்தாலத்துல குளிச்சிட்டு நேரா வாறேன்" என்றாள், பல் தந்தியடிக்க.

இன்ஸ்பெக்ட்ரஸ் கண்ணாடியை இறக்கினார். "அப்போ வேகம் எச்சிலால வந்துதா, அக்குளால வந்துதா?"

நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "மூணையும் நீங்களே வச்சுப் பாருங்கம்மா!" என்று சொல்லிவிட்டேன். கூட வந்திருந்த தலைமையாசிரியை முகத்தில் ஈயாடவில்லை.

அந்த அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "கொண்டா."

புதிதாகக் கலந்து கொடுத்தேன். இடது அக்குளில் ஐந்தும் பத்தும், வலதில் இரண்டு. நிமிடத்துக்கு ஒரு தடவை உருவிப் பார்த்தேன். பத்து வெளுத்தது! பெண்கள் கூச்சல். பிறகு ஐந்து! "அடி சக்கை!" என்று கத்தியது நான்தான். என்ன சந்தோஷம் அது!

இரண்டு சொட்டு மட்டும் லேசில் அசையவில்லை. "முழுசாப் பாத்துட்டுத்தான் கையை எடுப்பேன். நேரமாகுது, ரிப்போர்ட்டை நான் சொல்லச் சொல்ல நீயே எழுதும்மா" என்றார்.

ஒழுங்கு, சுத்தம், பாடம் எல்லாம் சொன்னார், எழுதினேன். அதே குரலில், "இந்த ஆசிரியையை நிரந்தரமாக்கலாம்" என்றார்.

பேனா நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டே? எழுது" என்று அதட்டினார். எனக்கு வேலை நிரந்தரமானதை நானே எழுதினேன்.