ஸ்டேஷனுக்கு?

எங்கள் அம்பத்தூர் பக்கம் பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுப்பது பிரான்சுக்குப் போக அல்ல, மார்க்குக்கு. தமிழில் கிள்ளித்தான் போடுவார்கள், பிரெஞ்சில் அள்ளிப் போடுவார்கள் என்று டியூஷன் வாசலில் பேசிக்கொண்டார்கள். நானும் என் மகனைப் பிரெஞ்சு எடுக்க வைத்தேன்.

பாடியில் நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து வீடு திரும்பியதும் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் போடுவான். ஊரைப் பற்றி ஒரு பாடம். ஒரு பக்கம் பிரெஞ்சு வார்த்தை, எதிரே ஆங்கில அர்த்தம். நான் அர்த்தத்தைத் தமிழில் சொல்லிக் கேட்பேன், அவன் பிரெஞ்சில் ஒப்பிப்பான்.

"பாலத்துக்கு?"

"போன்."

"தெருவுக்கு?"

"ரூ."

"ஸ்டேஷனுக்கு?"

"கார்." வண்டி இல்லை, பிரெஞ்சில் ஸ்டேஷனுக்கே அதுதான் பெயர்.

அவன் தடுமாறினால் நான் அந்தப் பிரெஞ்சு வார்த்தையை எழுத்துக்கூட்டித் தப்பும் தவறுமாகப் படிப்பேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். "அப்பா, நீ பிரான்ஸ் போனா பட்டினிதான்." மற்ற நேரத்தில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாத வயசு. அந்த நேரம் மட்டும் அவனுக்கு நான் வேண்டியிருந்தது.

மார்க் வந்தது. படித்து முடித்து அயர்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டான். பிறகு என் மனைவியும் தவறிவிட்டாள். இப்போது இந்த ஃபிளாட்டில் டிவி பேசுகிறது, நான் கேட்கிறேன்.

சாயங்காலம் நடக்கப் போனால் அந்த வார்த்தைகள் தானாக வாய்க்கு வரும். பேக்கரியைத் தாண்டினால் பூலான்ஜ்ரி. காய்கறி மார்க்கெட்டைத் தாண்டினால் மார்ஷே. ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் கேட்டார்: "இன்னா சார், தனியா பேசிகினு போற? ஊட்ல யாரும் இல்லியா?"

இல்லை என்றேன். அவரிடம் கோபித்து என்ன ஆகப்போகிறது.

மகன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அவ்வளவுதான். போன வாரம் பழைய விளையாட்டைத் தொடங்கிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்துவிட்டால் போதும், அடுத்தடுத்துக் கேட்டு இன்னும் கொஞ்ச நேரம் பேச வைத்துவிடுவேன். அவன் ஒருநாளும் தப்பாகச் சொல்லாத வார்த்தையாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தேன்.

"சரிப்பா, வெச்சிடட்டுமா?" என்றான்.

"ஸ்டேஷனுக்கு?" என்றேன், அதே பழைய குரலில்.



"எந்த ஸ்டேஷன்பா? எங்கயாவது போறியா?"

"இல்லடா," என்றேன். "வீட்லதான் இருக்கேன்."